பாதி விலைச் சந்தா: தள்ளுபடி முடிந்த பிறகு என்ன?

(குரும்பலூரில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத குழுக்கள் தங்கள் கூட்டத்தில் இதை வாசித்துக் கலந்து பேசவும்.)



மக்காச்சோளக் காட்டு வேலையையும் வெங்காயம் அறுக்கிற வேலையையும் விட்டுவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வந்து விடுகிறோம். இன்றைக்குப் பேசப் போவது ஆன்லைன் கடைகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு என்று கொடுக்கிற தள்ளுபடிச் சந்தா பற்றி. "இது நமக்கு எதுக்கு மேடம், அது காலேஜ் புள்ளைங்க சமாச்சாரம்" என்று பின்னால் ஒரு அம்மா சொல்வது காதில் விழுகிறது. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைப் பார்த்த பிறகுதான் இது நம் பாஸ் புக் சம்பந்தப்பட்ட விஷயம் என்று புரிந்தது.

நடந்தது என்ன?

பெயர் சொல்ல வேண்டாம். அந்த அக்காவின் அனுமதியோடுதான் பேசுகிறோம். கூலி வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். மூத்த பெண் கல்லூரியில் இரண்டாம் வருஷம். பையன் பத்தாவது. குழுவில் வாங்கிய வங்கிக் கடனுக்கான தன் பங்குத் தவணையை மாசாமாசம் நாள் தவறாமல் கட்டி வந்தவர். அந்த மாசமும் தவணைப் பணம் 1,500 ரூபாயை இரண்டு நாள் முன்னதாகவே தன் கணக்கில் போட்டு வைத்துவிட்டார். தவணை நாளன்று எடுக்கப் போனால் 899 ரூபாய் குறைகிறது.

வீட்டில் போன் நோண்டுகிறவன் பையன்தான். அவன்மேல் சந்தேகம். "ஏன்டா எடுத்தேன்னு கேட்டா வாயத் திறந்து சொல்ல மாட்டேங்குறியே" என்று மூன்று நாள் திட்டு. அவன் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போயிருக்கிறான். குழுவில் அந்த மாசம் தவணை முழுசாகச் சேரவில்லை. ஒரு நாள்கூடத் தவறாத குழு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த குழு அது.

பிறகு நாங்கள் அவரோடு வங்கிக்குப் போய் கணக்கு விவரம் எடுத்துப் பார்த்தோம். ஒரு ஆன்லைன் கடையின் ஆண்டுச் சந்தா என்று 899 ரூபாய் தானாகவே போயிருக்கிறது. போன வருஷம் மகள் அம்மாவின் போனில் மாணவர் சலுகை என்று பார்த்து, பாதி விலையில் அந்தச் சந்தாவைப் போட்டிருக்கிறாள். வருஷம் முடிந்ததும் தள்ளுபடி முடிந்துவிட்டது, சந்தா மட்டும் முடியவில்லை. இந்தத் தடவை முழு விலையை எடுத்துக்கொண்டார்கள். பணம் எடுப்பதற்கு முதல் நாள் எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. அந்த அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. விளம்பரம் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "பாதி விலைதானேன்னு போட்டேன்க்கா. அடுத்த வருஷம் அவங்களே எடுத்துக்குவாங்கன்னு தெரியாது." அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்க நாங்கள் இங்கே வரவில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியாமல் போன ஒரு விவரத்தால் ஒரு தவணை தவறியது, ஒரு பையன் செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கினான். அந்த விவரம் என்ன என்று நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சந்தா என்றால் என்ன?

நம் ஊர்க் கடையில் பொருள் வாங்கினால் பொருளுக்குத்தான் காசு. கடைக்குள் நுழைவதற்குக் காசு கிடையாது. ஆன்லைன் கடையிலும் அப்படித்தான், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் சில கடைகள் உறுப்பினர் சந்தா என்று ஒன்று வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டிவிட்டால் பார்சல் கூலி வாங்க மாட்டார்கள், சீக்கிரம் அனுப்புவார்கள், சில கடைகள் சினிமா, பாட்டு பார்க்கிற வசதியும் சேர்த்துத் தரும்.

இதில் பெரிதாகப் பெயர் பெற்றது அமேசான் நிறுவனத்தின் பிரைம் சந்தா. அமெரிக்காவில் 2005-ல் தொடங்கியது. இந்தியாவுக்கு 2016 ஜூலையில் வந்தது. அப்போது அறிமுக விலை ஆண்டுக்கு 499 ரூபாய். பிறகு 999 ஆனது. 2021 டிசம்பரில் 1,499 ரூபாய் ஆனது. ஐந்தரை வருஷத்தில் மூன்று மடங்கு. ஒரு சந்தாவில் சேரும்போது இன்றைய விலையை மட்டும் பார்க்கக் கூடாது, அது ஏறிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லாக் கடையும் காசு வாங்குவதில்லை. ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2018 ஆகஸ்டில் பிளஸ் என்ற உறுப்பினர் திட்டத்தைக் கட்டணம் இல்லாமல்தான் தொடங்கியது. நம்மில் பலர் சேலையும் பாத்திரமும் வாங்குகிற மீஷோவில் சந்தா கட்டாமலேயே வாங்குகிறோம். ஆக, சந்தா இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கவே முடியாது என்பது இல்லை.

மாணவர் தள்ளுபடி எப்படி வந்தது?

அமெரிக்காவில் 2010-ல் கல்லூரி மாணவர்களுக்கென்று தனிச் சலுகையை அமேசான் தொடங்கியது. பிறகு அது முதல் ஆறு மாசம் இலவசம், அதற்குமேல் பாதி விலை, அதிகபட்சம் 4 வருஷம் என்று அமைந்தது. 2024-ல் படிக்காத இளைஞர்களுக்கும், அதாவது 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கும், அந்தச் சலுகையை விரித்தார்கள்.

இந்தியாவில் வேறு மாதிரி. இங்கே அந்தச் சலுகை கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்து வரவில்லை, வயதைப் பார்த்து வந்தது. 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்குப் பாதி. கல்லூரியில் படித்தாலும் சரி, மில்லில் வேலை பார்த்தாலும் சரி, வீட்டில் தையல் தைத்தாலும் சரி. "எங்க பொண்ணு படிக்கல, அவளுக்குக் கிடைக்காது" என்று நினைக்க வேண்டியதில்லை. அதே சமயம் யாராவது, "காலேஜ் சர்டிபிகேட் வாங்கித் தர்றேன், 200 ரூபாய் குடுங்க, ஆஃபர் போட்டுத் தர்றேன்" என்று வந்தால் அது ஏமாற்று என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தச் சலுகை வந்தபோது இருந்த முறை இது: முதலில் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். பிறகு வயதுக்கான அடையாள அட்டையும் முகப் படமும் ஏற்றிக் காட்ட வேண்டும். சரிபார்த்த பிறகு பாதித் தொகை திரும்ப வரும். அது நம் வங்கிக் கணக்குக்கு ரொக்கமாக வராது. அதே கடையின் பணப்பையில் வரவாகும். அதாவது கடைக்காரரிடம் 1,500 கொடுத்தால், "750-ஐ உங்க கணக்குல வச்சிருக்கேன், அப்புறம் சாமான் வாங்கிக்கங்க" என்று சொல்வது மாதிரி. ஏமாற்று இல்லை. ஆனால் கையில் காசு வருவதும் இல்லை. இந்த மாதிரி சலுகைகளின் விலையும் விதியும் அடிக்கடி மாறும். அதனால் சேருகிற அன்று அந்தக் கடையின் செயலியில் என்ன போட்டிருக்கிறது என்று படித்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

போன மாசம் இதே விஷயத்தை ஒரு குழுவில் பேசியபோது, "படிச்ச புள்ளைக்கு நாம என்னத்த மேடம் சொல்றது, அதுங்களுக்குத்தான் போனு கணக்கு தெரியும்" என்று ஒரு அம்மா சொன்னார். உடனே அவரிடம் ஒரு கேள்வி கேட்டோம். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் குழுக் கடன், மாசம் 1,000 அசல், 10 மாசம். மொத்த வட்டி எவ்வளவு? விரலை மடக்கி எண்ணினார், 1,100 ரூபாய் என்றார். பேப்பர் இல்லை, கால்குலேட்டர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள் போனில் போட்டுப் பார்த்து, "ஆமா, சரிதான்" என்றாள். இந்தக் கணக்குத் தெரிந்தவருக்கு ஆன்லைன் சந்தாக் கணக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை.

இப்போது போர்டைப் பாருங்கள். சந்தா முழு விலை 1,499. சுமாராக மாசத்துக்கு 125 ரூபாய். பாதி விலை என்றால் 750. சந்தா இல்லாமல் வாங்கினால் ஒரு பார்சலுக்கு 40 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். 750-ஐ 40-ஆல் வகுத்தால்? சுமார் 19. அதாவது வருஷத்தில் 19 பார்சல் வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும். இருபதாவது பார்சலிலிருந்துதான் லாபம். முழு விலைக்கு என்றால் 38 பார்சல்.

உங்கள் வீட்டுக்குப் போன வருஷம் எத்தனை பார்சல் வந்தது? இங்கே கை தூக்கச் சொன்னதில் அதிகம் சொன்னவர் 9 என்றார். பெரும்பாலோர் 3, 4. பல கடைகளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் சந்தா இல்லாமலேயே பார்சல் கூலி கிடையாது. அதையும் கழித்தால் கணக்கு இன்னும் குறையும்.

இன்னொன்றையும் பாருங்கள். சினிமா பார்க்கிற வசதி இல்லாமல், பொருள் வாங்க மட்டும் ஆண்டுக்கு 399 ரூபாய் என்று ஒரு சந்தாவையும் அமேசான் விற்றது. அதற்கு வயதுத் தள்ளுபடி எதுவும் வேண்டாம். 399-க்கு 10 பார்சல் போதும். அப்படியென்றால் பாதி விலை என்று பெரிசாக எழுதியிருப்பதுதான் குறைந்த விலை என்று நம்பிவிடக் கூடாது. பக்கத்தில் சின்ன எழுத்தில் அதைவிடக் குறைந்தது இருக்கலாம். தீபாவளிக்குத் துணிக் கடையில் 50 சதவீதத் தள்ளுபடி ரேக்கை விட்டுவிட்டு, அடுத்த ரேக்கில் சாதாரண விலையில் நல்ல சேலை எடுக்கிற சாமர்த்தியம் நமக்கு உண்டு. அதே சாமர்த்தியம்தான் இங்கேயும்.

யாருக்கு லாபம் என்று கேட்டால், உண்மையாகவே அடிக்கடி வாங்குகிற வீட்டுக்கு லாபம்தான். தையல் தைக்கிற ஒரு தங்கச்சி நூல், லேஸ், பட்டன் என்று மாசம் இரண்டு மூன்று பார்சல் வாங்குகிறார். வயது 23. அவருக்குப் பாதி விலைச் சந்தா கட்டுபடியாகும். நாங்களே போட்டுக்கொள்ளச் சொன்னோம், முடிகிற தேதியையும் எழுதி வைக்கச் சொன்னோம். ஆக, சந்தாவே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்குப் பார்க்காமல் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

கடைக்காரன் ஏன் பாதி விலைக்குத் தருகிறான்?

யாரும் நம் பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டுத் தருவதில்லை. 19 வயதில் ஒரு கடையில் வாங்கிப் பழகிய பிள்ளை, 25 வயதில் சம்பளம் வாங்கும்போதும் அதே கடையில்தான் வாங்கும். குடும்பம் ஆன பிறகும் அங்கேதான் வாங்கும். 4 வருஷம் பாதிக் காசை விட்டுக்கொடுத்தால் 40 வருஷத்துக்கு வாடிக்கையாளர் கிடைக்கிறார். சந்தா கட்டியவர், "காசு கட்டியாச்சு, அங்கேயே வாங்குவோம்" என்று மற்ற கடையை எட்டிப் பார்க்க மாட்டார். தேவையில்லாததையும், "கூலிதான் இல்லையே" என்று வாங்குவார். இது வியாபாரத்தின் வழி. அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் நாமும் லாபம் பார்க்கலாம்.

படிக்கிற பிள்ளைக்கு உண்மையான சலுகைகள் வேறு இருக்கின்றன. 2022 செப்டம்பர் 5-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய் நேராக அவர்கள் வங்கிக் கணக்குக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. இந்தக் குரும்பலூரிலேயே கல்லூரி இருப்பதால், நம் கிராமங்களிலிருந்து பல பெண்கள் பஸ் ஏறி வந்து படிக்கிறார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது எத்தனை வீடுகளில் படிப்பு நின்றுபோகாமல் காப்பாற்றப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

இப்படி மாசம் 1,000 வருகிற பிள்ளைக்கு 125 ரூபாய் என்பது எட்டில் ஒரு பங்கு. அந்தப் பணம் ஃபீஸுக்கும் புத்தகத்துக்கும் வந்தது. அது வருகிற கணக்கில்தான் யு.பி.ஐ. இணைத்திருக்கிறது. தானாகப் போகிற சந்தாவும் அங்கிருந்துதான் போகும். அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று விடவில்லை.

பணம் தானாக எப்படிப் போகிறது?

இதை ஆட்டோ பே என்று சொல்கிறார்கள். யு.பி.ஐ.-யில் இந்த வசதி 2020 ஜூலையில் வந்தது. சந்தா போடும்போது பின் நம்பர் அழுத்துகிறோம் இல்லையா? அந்த ஒரு தடவையே, "இனிமேல் தேதி வரும்போதெல்லாம் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்" என்று கொடுத்த அனுமதியாகிவிடுகிறது. அடுத்த தடவை பின் நம்பர் கேட்காது. வெற்றுப் பேப்பரில் கைநாட்டு வைத்துக் கொடுக்காதீர்கள் என்று குழுவில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! இதுவும் கைநாட்டு மாதிரிதான். வைக்கலாம், ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.

ஒரு வாரம் இலவசம், 1 ரூபாய்க்கு ஒரு மாசம் என்று வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த அனுமதியை வாங்குவதற்குத்தான். 1 ரூபாய் அவர்களுக்குப் பெரிசில்லை. அனுமதிதான் பெரிசு.

இதற்கு ரிசர்வ் வங்கி ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் நமக்குத் தகவல் அனுப்ப வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளும் வழியும் கொடுக்க வேண்டும். நம் உறுப்பினர் விஷயத்தில் தகவல் வந்தது, அவருக்குப் படிக்க முடியவில்லை. அதனால் பணம் சம்பந்தமாக எந்த எஸ்.எம்.எஸ். வந்தாலும், புரியாவிட்டால் அன்றைக்கே பிள்ளையிடமோ ஊக்குநரிடமோ காட்டுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் ஓ.டி.பி. என்று எண் வந்தால் அதை யாரிடமும் சொல்லக் கூடாது.

நிறுத்துவது எப்படி?

முதலில் நீங்கள் பணம் அனுப்பும் செயலியைத் திறந்து, உங்கள் படம் இருக்கும் இடத்தைத் தொடுங்கள். அங்கே ஆட்டோ பே என்று ஒரு பகுதி இருக்கும். உள்ளே போனால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பட்டியல் வரும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்து, பின் நம்பர் கொடுத்தால் முடிந்தது. இந்தப் பட்டியலை மாசம் ஒரு தடவை பாருங்கள். இதோடு விடாமல் அந்தக் கடையின் செயலியிலும் போய்ச் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். இரண்டையும் செய்தால்தான் முழுசாக முடியும். போட்ட அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வைக்கிற வழியும் பல சந்தாக்களில் உண்டு.

நிறுத்துவதைக் கஷ்டமாக்கி வைப்பதும் ஒரு தந்திரம்தான். நாம் படிக்காதவர்கள், அதனால்தான் மாட்டுகிறோம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் அமேசான்மேல் வழக்குப் போட்டது. சரியாகச் சம்மதம் வாங்காமல் மக்களைப் பிரைமில் சேர்த்தார்கள், வெளியே வருவதைச் சிக்கலாக்கினார்கள் என்பது புகார். ரத்து செய்கிற அந்த வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே இலியட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது மிக நீளமான ஒரு பழைய கிரேக்கக் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர, 100 கோடி அபராதம். தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை, பணம் கட்ட ஒப்புக்கொண்டது. நன்றாகப் படித்த ஜனங்களே லட்சக்கணக்கில் இப்படிப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பெண் ஒருத்தியை மட்டும் நாம் குறை சொல்ல முடியுமா?

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகள் செய்யக் கூடாத 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. சந்தாவில் சிக்க வைத்து வெளியே விடாமல் இழுத்தடிப்பது அதில் ஒன்று.

புகார் எங்கே?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை பெங்களூரில் இருந்தாலும் பெரம்பலூரில் கொடுக்கலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

மாணவர் ஆஃபர் என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தொட்டுப் பணம் போய்விட்டால் அது வேறு, அது மோசடி. உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு. பிள்ளையின் ஆதார் படத்தையும் முகப் படத்தையும் கடையின் சொந்தச் செயலி தவிர வேறு எங்கேயும் ஏற்ற வேண்டாம். "உன் பேர்ல போட்டுக் குடு, எனக்குப் பாதி விலைக்குக் கிடைக்கும்" என்று சொந்தக்காரர் கேட்டாலும் பிள்ளையின் அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டாம்.

குழுக்கள் என்ன செய்யலாம்?

பல குழுக்களில் பேசி இந்த முடிவுகளுக்கு வந்திருக்கிறோம். உங்கள் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதுங்கள்.

1. எந்தச் சந்தாவுக்கு முன்னாலும் நான்கு கேள்வி: தள்ளுபடி எந்தத் தேதியோடு முடிகிறது? முடிந்த பிறகு எவ்வளவு? எந்தக் கணக்கிலிருந்து போகும்? எப்படி நிறுத்துவது? நான்குக்கும் பதில் தெரியாவிட்டால் போட வேண்டாம்.

2. குழுத் தவணைக்கான பணம் இருக்கும் வங்கிக் கணக்கில் ஆட்டோ பே வேண்டாம்.

3. சந்தா முடிகிற தேதிக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு தேதியைச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்கு வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிவெடுக்கலாம்.

4. ஒரு தெருவில் நான்கைந்து வீடு சேர்ந்து, தேவையானதை எழுதி, மாசத்துக்கு ஒரே பார்சலாக வாங்குங்கள். தொகை கூடும்போது கூலி மிச்சம், சந்தாவும் தேவைப்படாது. யார் யாருக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஆன்லைன் விலையைப் பெரம்பலூர்க் கடை விலையோடு ஒரு தடவை ஒத்துப் பாருங்கள். புத்தகம் என்றால் முதலில் நூலகத்திலும் சீனியர் பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் பேசுங்கள், திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த தடவை சொல்லாமல் போடுவார்கள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இந்தப் போனுக்கும் பொருந்தும். ஆனால் அளக்கிற வேலையை அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டும். ஆங்கிலம் அவளுக்குத் தெரியும், வட்டிக் கணக்கு உங்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் யாரும் ஏமாற்ற முடியாது.

கடைசியாக அந்த அக்கா வீட்டு விஷயம். அம்மாவும் மகளும் சேர்ந்து அந்தச் சந்தாவை ரத்து செய்தார்கள். கட்டிய வருஷத்துக்குப் பணம் திரும்ப வரவில்லை. குறைந்த தவணையைக் குழு உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சமாளித்தார்கள், அவர் இரண்டு மாசத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அவர்கள் குழுவில் யாருக்கு ஆங்கில எஸ்.எம்.எஸ். வந்தாலும் அந்தப் பெண்தான் வாசித்துச் சொல்கிறாள். "எல்லாம் சரியாப் போச்சு மேடம்" என்றார் அந்த அக்கா. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்தப் பயலைத்தான் சும்மா திட்டிட்டேன். அவன்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை சொல்லல" என்றார். இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவதாக, கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் எங்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நீங்களும் வீட்டுக்குப் போனதும் போனை எடுத்து அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். என்ன இருந்தது என்று அடுத்த மாசக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் சொல்ல வேண்டும்.